கடைசி இடம் என்றால் கதை முடிந்ததா?



அரையாண்டுத் தேர்வு முடிந்து ரேங்க் கார்டு கைக்கு வந்ததும் சிலர் முகம் மலரும்; சிலர் முகம் வாடும். வாடி நிற்பவரைப் பார்த்து, 'இவன் இனித் தேற மாட்டான்' என்று யாராவது சொல்லிவிட்டால், அது முள்ளாகத் தைக்கும். அப்படிச் சொல்வது தவறு என்பது என் கருத்து. அதற்கு ஆதாரமாக ஒரு விளையாட்டு அணியின் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

ஐஸ் ஹாக்கி பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அடியில் இரும்புத் தகடு பொருத்திய காலணியை அணிந்து, பனித்தரையில் வழுக்கிச் சென்று ஆடும் விளையாட்டு அது. பந்துக்குப் பதிலாக 'பக்' எனப்படும் ரப்பர் வட்டு. களத்தில் ஓர் அணிக்கு கோல்கீப்பரோடு சேர்த்து 6 பேர். அமெரிக்கா, கனடா அணிகள் மோதும் என்.எச்.எல். போட்டிதான் இதில் பெரியது. 2018-19 பருவத்தில் அதில் 31 அணிகள் இருந்தன. ஒவ்வோர் அணிக்கும் 82 ஆட்டங்கள். முன்னேறும் 16 அணிகள் ஸ்டான்லி கோப்பைக்காக மோதும்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து அணியின் பெயர் 'புளூஸ்'. 1967 முதல் ஆடி வந்தும் ஒருமுறைகூடக் கோப்பையை வென்றதில்லை. அந்தப் பருவத்திலும் தோல்வி மேல் தோல்வி! 2018 நவம்பரில் பயிற்சியாளர் நீக்கப்பட்டார். கிரெய்க் பெரூபே தற்காலிகப் பயிற்சியாளர் ஆனார். டிசம்பரில், பயிற்சியின்போதே ஒரே அணியின் வீரர்கள் இருவர் கைகலப்பில் இறங்கினார்கள். 2019 ஜனவரி 3 காலையில், 37 ஆட்டங்களில் 15 வெற்றி, 34 புள்ளிகள். 31 அணிகளில் 31-வது இடம்!

அப்போதுதான் ஜோர்டன் பின்னிங்டன் என்ற 25 வயது கோல்கீப்பருக்கு வாய்ப்பு வந்தது. 2011-ல் தேர்வு செய்யப்பட்டும், பல ஆண்டுகள் கீழ்நிலைப் போட்டிகளிலேயே ஆடிக் காத்திருந்தவர் அவர். ஜனவரி 7 அன்று முதன்முதலாகத் தொடக்கம் முதல் ஆடினார். எதிரணியான பிலடெல்பியாவால் ஒரு கோல்கூடப் போட முடியவில்லை. 3-0 என வெற்றி! அதே மாதக் கடைசியில் தொடங்கி அணி தொடர்ந்து 11 ஆட்டங்களில் வென்றது. மீதமிருந்த 45 ஆட்டங்களில் 30 வெற்றி. 99 புள்ளிகளோடு அடுத்த கட்டத்துக்கு முன்னேறியது.

அங்கேயும் சோதனை வந்தது. மே 15 அன்று, சான் ஜோஸ் அணிக்கு எதிரான அரையிறுதியின் மூன்றாவது ஆட்டத்தில், எதிரணி வீரர் பக்கைக் கையால் தள்ளியதை நடுவர்கள் கவனிக்கவில்லை. அதிலிருந்து விழுந்த கோலால் புளூஸ் தோற்றது. அதையே நினைத்துப் புலம்பிக் கொண்டிருந்தார்களா? இல்லை. அடுத்த மூன்று ஆட்டங்களையும் வென்றார்கள்! ஜூன் 12 அன்று பாஸ்டனில் நடந்த கடைசி ஆட்டத்தில் 4-1 என வென்று, முதல் முறையாகக் கோப்பையைத் தூக்கினார்கள். அந்த நான்காவது கோலைப் போட்டவர் யார் தெரியுமா? பயிற்சியில் சண்டை போட்ட இருவரில் ஒருவரான சாக் சான்ஃபோர்ட்!

அதே பருவத்தில் டாம்பா பே அணி 62 ஆட்டங்களில் வென்று, 128 புள்ளிகளோடு முதலிடத்தில் இருந்தது. கோப்பை இவர்களுக்குத்தான் என்று பலரும் நினைத்தார்கள். ஆனால் முதல் சுற்றில் கொலம்பஸ் அணியிடம் நான்கு ஆட்டங்களிலும் தோற்று வெளியேறியது. அதற்காகப் பயிற்சியாளர் ஜான் கூப்பரை அவர்கள் விரட்டிவிடவில்லை. 2020, 2021 இரண்டு ஆண்டுகளிலும் கோப்பை அவர்களிடமே வந்தது.

'அப்படியானால் கடைசியில் இருப்பவர்கள் எல்லாம் முதலிடம் வந்துவிடுவார்களா?' என்று கேட்பீர்கள். அப்படிச் சொன்னால் அது பொய். 31 அணிகள் ஆடினாலும் கோப்பை ஒன்றுதான். கடினமாக உழைத்தும் தோற்ற அணிகள் உண்டு. நான் சொல்வது இதுதான்: பாதி வழியில் போடும் பட்டியல், அதுவரை நடந்ததை மட்டுமே சொல்லும். இனி நடக்கப் போவதைச் சொல்லாது. அதைப் பார்த்து ஒரு பிள்ளையை ஒதுக்கி வைக்க யாருக்கும் உரிமை இல்லை. ஆசிரியருக்கும் இல்லை, பெற்றோருக்கும் இல்லை. பின்னிங்டனுக்கு வாய்ப்பே தராமல் இருந்திருந்தால், அவர் திறமை யாருக்குத் தெரிந்திருக்கும்?

ஆகவே குறைந்த மதிப்பெண் வாங்கியவர்கள் விடைத்தாளை ஒளித்து வைக்காதீர்கள். எந்தக் கேள்வியில் தவறினோம் என்று பாருங்கள். புரியாததை ஆசிரியரிடம் கேளுங்கள். முதலிடம் பெற்றவர்கள், பக்கத்தில் வாடி இருக்கும் நண்பனுக்கு ஒரு கணக்காவது சொல்லிக் கொடுங்கள். என்ன, செய்வீர்கள்தானே?