வாடை ருசுவாகுமா?

“வாயில் சாராய வாடை வீசியது, கால் தள்ளாடியது, கண் சிவந்திருந்தது, பேச்சு குழறியது.” குடித்து வண்டி ஓட்டியதாகப் போடும் கேஸ்களில் நாம் ஓயாமல் கேட்கும் பல்லவி இது. ராத்திரி ஷிப்ட் முடித்து மொபெட்டில் வீடு திரும்பும் மில் தொழிலாளிக்குக் கண் சிவக்காமல் என்ன செய்யும்? விடியுமுன் டிராக்டர் ஏறி இருட்டிய பின் இறங்குகிறவன் கால் தள்ளாடாதா?

குடித்துவிட்டு ஓட்டுகிறவனுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. அவன் சக்கரத்தில் நசுங்குவது சைக்கிளில் போகும் ஏழைதான். ஆனால் குற்றம் என்றால் ருசு வேண்டாமா?

1971-லேயே சுப்ரீம் கோர்ட் இதைச் சொல்லிவிட்டது. மகாராஷ்டிரத்திலிருந்து வந்த ஒரு டிரைவரின் வழக்கு. வாடை, தள்ளாட்டம், விரிந்த கண்மணி, குழறல் எல்லாம் சொல்லப்பட்டன. ஆனால் சிறுநீர்ச் சோதனையும் இல்லை. ரத்தச் சோதனை அறிக்கையும் கோர்ட்டுக்கு வரவில்லை. வெறும் அடையாளங்களைக் கொண்டு போதை என்று முடிவு கட்ட முடியாது என்று கோர்ட் தீர்ப்பளித்தது.

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு என்ன சொல்கிறது? 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்க வேண்டும். எந்தப் போலீஸ்காரரின் மூக்கு மில்லிகிராம் அளக்கும்?

கருவி இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும். அது ரத்தத்தைத் தொடுவதில்லை. மூச்சை அளந்து, சுமார் 2,100 மடங்கு என்று கணக்குப் போட்டுச் சொல்கிறது. வாய் கொப்பளிக்கும் மருந்தின் மிச்சம் வாயில் இருந்தாலும் எண் ஏறிவிடும். அதனால்தான் 15 நிமிஷம் காத்திருந்து ஊதச் சொல்வது முறை. காத்திருந்தார்களா? கருவியைக் கடைசியாகச் சரிபார்த்தது எப்போது? எண்ணும் நேரமும் அச்சான சீட்டு எங்கே? இவற்றைக் கேட்பது குறும்பு அல்ல, உரிமை. கார் முதலாளிக்கு அவருடைய வக்கீல் கேட்கிறார். கூலிக்காரனுக்கு யார் கேட்பது?

ஊத மறுக்காதீர்கள். தக்க காரணமின்றி மறுத்தால் 205-வது பிரிவின்படி அதையே உங்களுக்கு எதிராக எடுத்துக்கொள்வார்கள். ஆனால் கைது செய்தால், 202-வது பிரிவுப்படி 2 மணி நேரத்துக்குள் டாக்டர் பரிசோதிக்க வேண்டும். இல்லையேல் விட்டுவிட வேண்டும். ஸ்டேஷனில் “குடித்தேன்” என்று வாங்கும் வாக்குமூலம் உங்கள் குற்றத்துக்கு ருசு ஆகாது. வெள்ளைக்காரன் 1872-இல் போட்ட சாட்சியச் சட்டமே அப்படித்தான் சொன்னது. 2024-இல் அமலுக்கு வந்த புதுச் சட்டமும் அதை மாற்றவில்லை.

2019-இல் அபராதத்தை 2,000 ரூபாயிலிருந்து 10,000 வரை உயர்த்தினார்கள். எத்தனை நாள் கூலி என்று நீங்களே கணக்குப் போடுங்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறைச் சாராய வியாபாரம் சர்க்காரின் ஏகபோகம். விற்பதும் அதுவே, வழிமறிப்பதும் அதுவே!

மாஜிஸ்திரேட் “ஒப்புக்கொள்கிறாயா?” என்று கேட்கும்போது, அபராதம் கட்டித் தொலைக்கலாம் என்று தலையாட்டிவிடாதீர்கள். முதலில் அந்தச் சீட்டைக் கேளுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லையென்றால் இலவசச் சட்ட உதவி கேளுங்கள்.