'நாய்தானே' என்று சொல்லாதீர்கள்

வீட்டில் தாத்தா இறந்துவிட்டால் நீங்கள் சில நாள் பள்ளிக்கு வராததை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். வகுப்பாசிரியர் ஆறுதல் சொல்வார். நண்பர்கள் விடுபட்ட பாடங்களை எழுதிக் கொடுப்பார்கள். ஆனால், ஒன்பது ஆண்டுகள் உங்களோடு வளர்ந்த நாய் நேற்றிரவு இறந்திருந்தால், இன்று காலை நீங்கள் சீருடை அணிந்து வந்து கணிதச் சோதனை எழுதியாக வேண்டும். கண் சிவந்திருப்பதைப் பார்த்து யாராவது காரணம் கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான்: "நாய்தானே! அப்பாவிடம் சொல்லி இன்னொன்று வாங்கிக்கொள்."

மாணவர்களே, அந்தப் பதில் மனத்தைப் புண்படுத்தும் என்பது உங்களுக்கே தெரியும். அது அறிவியல்படியும் தவறு என்பதே என் வாதம்.

முதலில் பாசத்தைப் பார்ப்போம். தாய் குழந்தையைக் கொஞ்சும்போது இருவர் உடலிலும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. தாய்க்கும் சேய்க்கும் இடையிலான பிணைப்பை வலுப்படுத்தும் ஹார்மோன் இது. ஜப்பானின் அசாபு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் 'சயின்ஸ்' ஆய்விதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள. நாய்களையும் அவற்றை வளர்ப்பவர்களையும் அரை மணி நேரம் ஓர் அறையில் இருக்கவிட்டு, அதற்கு முன்னும் பின்னும் சிறுநீரில் ஆக்சிடோசின் அளவைச் சோதித்தார்கள். நெடுநேரம் கண்ணோடு கண் பார்த்துக்கொண்ட இணைகளில் மனிதருக்கும் நாய்க்கும் சேர்ந்தே அந்த அளவு உயர்ந்திருந்தது. மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களிடம் இந்த மாற்றம் காணப்படவில்லை. நம் உடல் பாசத்துக்கென்று 'மனிதருக்கு ஒன்று, விலங்குக்கு ஒன்று' என இரண்டு ஹார்மோன்களை வைத்திருக்கவில்லை. பாசம் அதே வழியில் வந்திருக்கும்போது, பிரிவின் வலி மட்டும் பொய்யாக இருக்குமா?

அந்த வலி உடலையும் தொடும். திடீர்த் துக்கத்தில் அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் அளவுக்கு மீறிச் சுரந்து, இதயத்தின் இடது கீழறை பலூன்போல உப்பிப் பலவீனமடையும் ஒரு நிலை உண்டு. ஜப்பானிய மருத்துவர்கள் அதற்கு 'தகோட்சுபோ' என்று பெயர் வைத்தார்கள். ஆக்டோபஸ் பிடிக்கும் பானையின் பெயர் அது. உப்பிய இதயம் அந்தப் பானையின் வடிவில் இருக்கும். செல்ல நாய் இறந்தபின் இந்த நிலைக்கு ஆளான ஓர் அமெரிக்கப் பெண்மணியைப் பற்றி, 2017இல் 'நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்' குறிப்பு வெளியிட்டது. அவர் குணமடைந்தார். பயப்படாதீர்கள், இது அரிதானது, பெரும்பாலும் வயதான பெண்களுக்கே வருவது. ஆனால், நாயின் மரணம் மனித இதயத்தைப் பாதித்தது என்பதை மருத்துவர்களே பதிவுசெய்திருக்கிறார்கள்.

அடுத்து, பலரைக் குழப்பும் ஒரு விஷயம். செல்லம் இறந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். பள்ளி முடிந்து வீட்டு கேட்டைத் திறக்கும்போது உங்கள் காது அதன் குரைப்பை எதிர்பார்க்கும். சாப்பாட்டில் கோழி எலும்பைத் தனியாக எடுத்துவைப்பீர்கள். பிறகுதான் நினைவு வரும். 'எனக்கு என்ன ஆயிற்று?' என்று பயப்படுவீர்கள்.

உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ரஷ்ய அறிஞர் இவான் பாவ்லோவின் நாய்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஓர் ஓசையை எழுப்பிய கையோடு உணவு தந்து பழக்கினால், பிறகு ஓசையைக் கேட்டாலே நாய்க்கு எச்சில் ஊறும். உங்கள் வீட்டிலும் அதுவே நடந்தது. பள்ளி வேன் சத்தத்துக்கு உங்கள் நாய் பழகியது. அதே ஆண்டுகளில் கேட் சத்தத்துக்கு நீங்களும் பழகிவிட்டீர்கள். பழக்கிய நாய் இப்போது இல்லை, பழகிய மூளை இருக்கிறது.

பாவ்லோவ் இன்னொன்றையும் கண்டார். உணவே தராமல் ஓசையை மட்டும் திரும்பத் திரும்ப எழுப்பினால் எச்சில் ஊறுவது மெல்ல நின்றுவிடும். ஆனால், சில காலம் இடைவெளி விட்டு மீண்டும் ஓசை எழுப்பினால், நின்றுபோனது திடீரெனத் திரும்ப வரும். துக்கம் முழுவதையும் இது விளக்கிவிடாது. ஆனாலும், இரண்டு மாதம் நன்றாக இருந்துவிட்டு, அலமாரியின் மூலையில் கழுத்துப்பட்டியைப் பார்த்ததும் ஏன் அழுகை பொங்குகிறது என்பதைப் புரிந்துகொள்ள இது உதவும்.

துக்கத்துக்கு ஐந்து படிகள் உண்டு, ஒவ்வொன்றாக ஏறி முடிக்க வேண்டும் என்று கேள்விப்பட்டிருக்கலாம். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர் ராஸ் 1969இல் அந்தப் படிகளைப் பற்றி எழுதியது, சாகும் தறுவாயில் இருந்த நோயாளிகளோடு பேசியதை வைத்துத்தான். துக்கப்படுபவர்களுக்கான கால அட்டவணையாக அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். நெதர்லாந்தின் மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஷூட்டும் 1999இல் முன்வைத்த விளக்கம் நம் அனுபவத்துக்கு நெருக்கமானது. துக்கப்படுபவர் இரண்டு பக்கமும் மாறி மாறிப் போய்வருவார்: சிறிது நேரம் இழப்பை நினைத்து அழுவார், சிறிது நேரம் அன்றாட வேலையைப் பார்ப்பார், சிரிக்கவும் செய்வார். ஆகவே, மதியம் பூப்பந்து விளையாடிச் சிரித்துவிட்டு இரவில் அழுதால், உங்கள் பாசம் போலி என்று அர்த்தமில்லை. மனம் ஆறும் விதமே அப்படி.

இன்னொரு பாரம் குற்றவுணர்வு. 'முதல் நாளே மருத்துவரிடம் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருக்குமே!' என்று மனம் குத்தும். இரண்டு உண்மைகளை நினைவில் வையுங்கள். பூனை, முயல், வெள்ளெலி போன்றவை நோயை வெளியே காட்டிக்கொள்ளாமல் மறைக்கும். காட்டில் பலவீனத்தைக் காட்டும் விலங்கு எளிதில் இரையாகிவிடும். பூனையின் சிறுநீரகத்தில் பெரும்பகுதி பழுதான பிறகே அறிகுறிகள் தெளிவாகத் தெரியும். இரண்டாவது, முடிவு தெரிந்தபின் 'இது முன்பே தெரிந்திருக்க வேண்டியதுதானே' என்று எண்ணுவது மனித மூளையின் இயல்பான பிழை. உளவியலாளர் பரூக் ஃபிஷ்ஹாஃப் 1975இலேயே இதைச் சோதனையில் காட்டினார். அன்றைக்கு உங்கள் கையில் இருந்த தகவலை வைத்தே உங்களை எடைபோடுங்கள்.

'உலகில் போரிலும் பசியிலும் மனிதர்கள் சாகும்போது ஒரு பூனைக்காக அழுவதா?' என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், பூனைக்காக அழுபவர் மனிதருக்காக அழமாட்டார் என்று யார் சொன்னது? பரிவு, செலவழித்தால் தீர்ந்துபோகும் கைச்செலவுக் காசு அல்ல. சமுதாயம் ஏற்றுக்கொள்ளாத துக்கத்தைப் பற்றி அமெரிக்க அறிஞர் கென்னத் டோக்கா 1989இலேயே எழுதினார். அழ உரிமையில்லை என்று சொல்லப்படும் துக்கத்தை மனிதர் தனியாகச் சுமக்க நேர்கிறது. அதனால் அது இன்னும் கனக்கிறது. வளர்ப்புப் பிராணியை இழந்தவரின் துக்கமும் அந்த வகையே.

என்ன செய்யலாம்? விடைகொடுங்கள். தரை வீடு என்றால் ஒரு மூலையில் புதைத்துச் செடி நடலாம். அடுக்குமாடி என்றால் படத்துக்கு முன் ஒரு விளக்கு போதும். உடனே இன்னொன்றை வாங்காதீர்கள். புதிய குட்டி, பழையதற்குப் பதில் ஆளாக நடிக்க வந்ததல்ல. அதற்கும் தனக்கென ஒரு வீடு வேண்டும். தம்பி தங்கையிடம் 'தூங்குகிறது', 'ஓடிப்போய்விட்டது' என்று பொய் சொல்லாதீர்கள். தூங்குகிறது என்றால் சிறு பிள்ளை தூங்கவே பயப்படலாம். ஓடிப்போனது என்றால் வாசலிலேயே காத்திருக்கலாம். 'இறந்துவிட்டது, இனி வராது, உன் தவறு எதுவும் இல்லை' என்று மெதுவாகச் சொல்லுங்கள்.

பல வாரங்கள் ஆகியும் தூக்கம், சாப்பாடு, படிப்பு எதுவும் சீராகவில்லையா? பள்ளி ஆலோசக ஆசிரியரைப் பாருங்கள். 'நானும் போய்விடலாம்' என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ சொல்லுங்கள். மலேசியாவில் தாலியான் காசே 15999 என்ற எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நாயை இழந்த மாணவருக்கு ஒரு வாரம் விடுப்பு தரச் சொல்லவில்லை. அந்த ஒரு சோதனையை இரண்டு நாள் தள்ளி எழுதவிட்டால் பாடத்திட்டம் ஒன்றும் குலைந்துவிடாது.

மாணவர்களே, உங்கள் வகுப்பில் ஒருவர் கண் சிவந்து வந்து, 'எங்கள் வீட்டுப் பூனை செத்துப்போய்விட்டது' என்று சொல்லும் நாள் வரும். அன்று அறிவுரை எதுவும் வேண்டாம். "அதன் பெயர் என்ன?" என்று கேளுங்கள். பிறகு அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருங்கள்.