ரெண்டு டேபிள், ஒரு டாக்டர்

நம்ம ஆபீஸ்களில் 'சிஸ்டம்' என்றால் மேஜை மேல் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டர். அது படுத்துக்கொண்டால், "சிஸ்டம் டவுன் சார், ஒரு டீ அடிச்சுட்டு வாங்க" என்பார்கள். பி.காம். பாடத்தில் அதற்கு வேறு அர்த்தம். எந்த வேலையை, யார், எந்த வரிசையில் செய்வது என்ற ஏற்பாடுதான் சிஸ்டம்.

இதைப் புரிந்துகொள்ளப் புத்தகம் வேண்டாம். ராத்திரி எட்டு மணிக்கு மதுரையில் ஏதாவது ஒரு பரோட்டா கடை முன்னால் நில்லுங்கள். ஒருத்தர் மாவு பிசைந்து உருண்டை பிடிக்கிறார். இன்னொருத்தர் வீசுகிறார். மாஸ்டர் கல்லை விட்டு நகர்வதே இல்லை. "மாஸ்டரே இலை போட்டு, சால்னா ஊற்றி, பில்லும் எழுதட்டும்" என்று முதலாளி உத்தரவு போட்டால் என்ன ஆகும்? க்யூ பெரியார் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போகும். பரோட்டாவும் கருகும்.

இதே சமாச்சாரத்தை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோனவர் டாக்டர் ஜி. வெங்கடசாமி. இளவயதிலேயே முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போன மனிதர். அந்த விரல்களைப் பழக்கி ஒரு லட்சத்துக்கும் மேல் கண் ஆபரேஷன் செய்தவர். 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தார். ரிட்டயர்டு ஆனதும் நம்மாட்கள் ஈஸிசேர் வாங்குவார்கள். இவர் அமெரிக்காவில் மெக்டொனால்டு கடையைப் பார்த்து யோசித்தார். எந்த ஊரில் வாங்கினாலும் ஒரே மாதிரி பன் கொடுக்க முடியும் என்றால், கண்புரை ஆபரேஷனை ஏன் அப்படிச் செய்ய முடியாது?

அங்கே தியேட்டரில் ஒரு டாக்டருக்கு ரெண்டு டேபிள். ஒன்றில் ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்ததில் அடுத்த நோயாளி தயார். முடிந்ததும் டாக்டர் மைக்ராஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்ப வேண்டியதுதான் பாக்கி. கண்ணைச் சோதிப்பது, மருந்து போடுவது, கருவியை எடுத்துக் கொடுப்பது எல்லாவற்றையும் பயிற்சி பெற்ற பெண்கள் பார்த்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். டாக்டர் வருஷத்துக்கு இரண்டாயிரத்துக்கும் மேல் ஆபரேஷன் செய்கிறார் என்றால் அவர் அவசரப்படுகிறார் என்று அர்த்தமில்லை. சும்மா நிற்கவில்லை, அவ்வளவுதான். வேகத்தில் தப்பு நடந்துவிடாமல் இருக்க, ஆபரேஷனுக்குப் பின் வரும் கோளாறுகளையும் கணக்கெடுக்கிறார்கள்.

காசு கொடுப்பவர்களிடம் வரும் வருமானத்தில் இலவச ஆபரேஷன்கள் நடக்கின்றன. ரெண்டு பக்கமும் அதே டாக்டர்கள்தான் முறை வைத்துப் பார்க்கிறார்கள்.

ஆனால் ஆரம்பத்தில் ஒரு சிக்கல். ஊர் ஊராக முகாம் போட்டு, "ஆபரேஷன் இலவசம்" என்று சொல்லியும் பலர் வரவில்லை. ஏன் என்று விசாரித்தார்கள். பஸ் காசுக்கும் சாப்பாட்டுக்கும் வழியில்லை. கூடப் போகிறவருக்கும் கூலி போகும். பாட்டியின் கண் தெரியவில்லை என்றால், பாட்டி மட்டுமா வீட்டில் முடங்குகிறாள்? கையைப் பிடித்துக் கூட்டிப்போகிற பேத்தியும்தான். ஆக, பஸ்ஸும் சாப்பாடும் சிஸ்டத்தில் சேர்ந்தன.

அடுத்து லென்ஸ். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டுச் சரக்கு, யானை விலை. ஏழைகளுக்குப் புரையை எடுத்துவிட்டு சோடாபுட்டிக் கண்ணாடிதான் கிடைத்தது. 1992-இல் மதுரையிலேயே ஆரோலேப் ஆரம்பித்து லென்ஸ் செய்தார்கள். இறக்குமதி விலையில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்குக்குக் கிடைத்தது. ஏழைக்கும் கண்ணுக்குள்ளேயே லென்ஸ் என்று முடிவெடுக்க அது வழிவிட்டது. பிற்பாடு தேனிப் பக்கம் சின்ன ஊர்களில் சிகிச்சை மையம் வைத்து, வைஃபை மூலம் டாக்டரை நோயாளியோடு பேச வைத்தார்கள். பாட்டி பஸ் ஏறாமலே டாக்டரைப் பார்த்தாள்.

வரிசையைக் கவனியுங்கள். "எங்கே தடைபடுகிறது?" என்ற கேள்வி முதலில். மிஷின் அப்புறம். நம்ம கம்பெனிகளில் நேர் எதிர். முதலில் லட்ச ரூபாய்க்கு சாப்ட்வேர். அப்புறம், "இதை வச்சு என்ன பண்ணலாம்?" என்று மீட்டிங். பழைய லெட்ஜரில் எழுதியதையே கம்ப்யூட்டரில் இன்னொரு தடவை அடிப்போம். சந்தேகத்துக்கு ஒரு பிரிண்ட் அவுட் எடுத்து ஃபைலில் கோர்ப்போம். ஒரு வேலை ரெண்டாகி, ஆச்சரியமாக, மூன்றும் ஆகிவிடும்.

திங்கட்கிழமை ஆபீஸ் போனதும் ஒன்று செய்து பாருங்கள். உங்கள் இடத்தில் யாருடைய நிமிஷம் ரொம்ப காஸ்ட்லி, அவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதுங்கள். பெரும்பாலும் பதில், ஒரு கையெழுத்துக்காக என்று வரும். அதைப் போடவேண்டிய மேனேஜர் எங்கே என்று கேட்டால், சிஸ்டம் டவுனாம், டீ குடிக்கப் போயிருப்பார்.