மூலப்பத்திரம்

தன் நிலத்துக்குத் தானே ராஜா, அரசாங்கத்துக்கு அங்கே என்ன வேலை என்று சக சிற்றிதழொன்று பன்னிரண்டு பக்கம் எழுதியிருக்கிறது. தனியார் சொத்து எல்லாமே சமூகத்தின் பொருள் வளமாகிவிடாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு சொன்னதில் கட்டுரையாளருக்கு ஏகக் கொண்டாட்டம். தனியார் சொத்தும் அந்த வளத்தில் சேரும் என்று முன்பு எழுதிய நீதிபதி கிருஷ்ணய்யருக்குக் கருமாதியே செய்துவிட்டார். சாட்சிக்கு அவர் அழைத்திருப்பது செங்கல்பட்டு மாவட்டத்துச் செய்யூரை.

அழைத்தது சரிதான். 4,000 மெகாவாட் நிலக்கரி அனல்மின் நிலையத்தையும் பனையூரில் அதற்கொரு துறைமுகத்தையும் செய்யூர் மக்கள் கேட்கவில்லை, அரசுதான் கொண்டுவந்தது. 2015இல் தனியார் நிறுவனங்கள் ஏலத்திலிருந்து விலகின, நிலையம் எழும்பவேயில்லை. ஆனால் எதிர்த்தவர்கள் எந்தக் கதவைத் தட்டினார்கள்? பசுமைத் தீர்ப்பாயத்தின் கதவை. கட்டுரையாளர் சபிக்கும் அதே சுற்றுச்சூழல் விதிகளைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போனார்கள். வலை உலர்த்தும் மணலுக்கு மீனவரிடம் பட்டா கிடையாது. கடற்கரை ஒழுங்குமுறை விதிகளும் போய்விட்டால் அவர் எதைக் காட்டுவார்?

பட்டா எங்கிருந்து வந்தது என்பதைக் கட்டுரை தொடவேயில்லை.

செங்கல்பட்டு ஜில்லாவின் மிராசு வழக்கைப் பேசினால் எல்லிஸிடம் போகாமல் முடியாது. எல்லிஸ் மீது இவ்விதழுக்குள்ள பித்து வாசகர்கள் அறிந்ததே. கால்டுவெல்லுக்கு 40 ஆண்டு முன்பே, 1816இல், தென்மொழிகள் தனிக்குடும்பம் என்று எழுதியவர். கிணறு வெட்டிவிட்டுக் கல்வெட்டில் குறளைப் பொறித்த கலெக்டர். அந்த மனிதரே மிராசைப் பரம்பரைச் சொத்துரிமை என்று நிறுவ நூலும் எழுதினார். கும்பினி அதிகாரிகளின் கோப்புகளில் அந்த உரிமை கெட்டிப்பட்டது. சேரியில் இருந்தவருக்குக் குடியிருந்த மனைகூடச் சொந்தமில்லை. தரிசு நிலம் கேட்டுத் தர்காஸ்து மனு போட்டாலும் மிராசுதாருக்கே முன்னுரிமை. சுதந்திரச் சந்தை இங்கே எந்த வருஷம் தொடங்கியது என்று கட்டுரையாளர் சொல்லட்டும்.

1891இல் கலெக்டர் திரமென்ஹீர் செங்கல்பட்டுப் பறையர் நிலைமையை அறிக்கையாக எழுதினார். மறு ஆண்டே அரசாணை வந்தது. ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் பிறந்தது. 10 ஆண்டு விற்கக்கூடாது, அதன் பிறகும் அவ்வகுப்பினருக்கே விற்கலாம் என்று நிபந்தனை. கட்டுரையின் கணக்குப்படி இது உடைமையாளனின் கையைக் கட்டும் அட்டூழியம்! கட்டியும் நிலம் கைமாறியது. அதே ஜில்லாவின் காரணைக் கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்டுத் திரண்டவர்கள் மீது 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். சுட்டதும் அரசுதான். நிபந்தனையை எழுதிய அரசும் அதை மீறியவர்களைக் கண்டுகொள்ளாத அரசும் ஒன்றே என்பதில் இவ்விதழுக்கு மயக்கமில்லை.

ராஜாஜி 1959இல் சுதந்திராக் கட்சி கண்டு பர்மிட் ராஜ்யத்தைச் சாடியபோது எதிரே நேருவின் அரசு இருந்தது; அதற்கொரு துணிச்சல் வேண்டும். இன்றைய சுதந்திரவாதிக்கு எதிரே யார் இருக்கிறார்கள்? கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக மனைப்பிரிவு விளம்பரங்கள்தாம். 30 வருஷ வில்லங்கச் சான்று பார்த்தால் கடன் கொடுக்க வங்கிக்குப் போதும். தத்துவம் எழுத வந்தவர் 1892 வரையாவது போகவேண்டாமா?