கை உயரவில்லை, சாமி!



விடுதலைப் பயண நூலின் 17ஆம் அதிகாரத்தில் வரும் அமலேக்கியப் போரை நாம் அனைவரும் மறைக்கல்வி வகுப்பிலேயே கேட்டிருக்கிறோம். மோசே குன்றின் உச்சியில் கைகளை உயர்த்தியிருந்த வரையில் யோசுவாவின் படை வென்றது. கைகள் தாழ்ந்தபோது பகைவர் வென்றனர். செபத்தின் வல்லமைக்கு எடுத்துக்காட்டாக இதனைக் கூறி நானே பல மறையுரைகள் ஆற்றியிருக்கிறேன். ஆனால் அப்பகுதியில் வேறொன்றும் உண்டு. கைகள் சோர்ந்தபோது ஆரோனும் கூரும், 'பொறுத்துக்கொள்ளும்' என்று மோசேயிடம் கூறிவிட்டு நிற்கவில்லை. ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை அமரச் செய்தார்கள். ஆளுக்கொரு பக்கமாக நின்று கைகளைத் தாங்கினார்கள். அவ்விருவருக்கும் தோன்றியது எனக்குத் தோன்றாமற் போனதைப் பற்றியே இத்திங்கள் எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நடந்தது. எங்கள் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர், ஐம்பதைக் கடந்தவர், தாம்பரம் ஏற்றுமதி மண்டலத்தில் தையற்பொறியின் முன் நெடுங்காலம் குனிந்து உழைத்தவர். ஒருநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் பங்கு இல்லத்து வாயிலில் வந்து நின்றார். "வலக்கை உயரவில்லை, சாமி. தலை வாரவும் மகளைத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது" என்றார். நான் திருமணப் பதிவேட்டோடு அவசரமாக எங்கோ புறப்பட்டுக்கொண்டிருந்தேன். "ஆண்டவருடைய தோளையும் சிலுவை அழுத்தியதல்லவா அம்மா? அவரோடு சேர்த்து ஒப்புக்கொடுங்கள்" என்றேன். அவரும், "சரிங்க சாமி" என்று சொல்லி, ஆசீர் பெற்றுப் போய்விட்டார்.

ஏறத்தாழ எட்டுத் திங்கள் கழித்து, ஞாயிறு திருப்பலியின் இறுதி ஆசீரின்போது அவர் முன்வரிசையில் இருந்தார். எல்லாரும் சிலுவை அடையாளம் வரைந்தார்கள். அவர் மட்டும் இடக்கையால் வரைந்தார். வலக்கை நெற்றி வரையில் எப்படியோ போகிறது. அங்கிருந்து இடத்தோளுக்குக் குறுக்கே செல்ல மறுக்கிறது. பீடத்தில் நின்றபடி அதைக் கண்டேன். அன்று மாலையே எங்கள் பங்கின் அருட்சகோதரி ஒருவருடன், அவர் செவிலியர், அத்தாயின் வீட்டிற்குச் சென்றேன். மறுநாள் மருத்துவரிடம் காட்டியபோது இரண்டு செய்திகள் கிடைத்தன. ஒன்று, அது 'உறைந்த தோள்' என்னும் நோய். மற்றொன்று, அவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. எத்தனை ஆண்டுகளாக இருக்கிறதோ, அவருக்கே தெரியாது. சர்க்கரை நோயாளிகளுக்கு இத்தோள்நோய் மற்றவர்களைவிட மிகுதியாக வரும் என்பது மருத்துவர்கள் நன்கறிந்த உண்மை. தோள் கொடுத்த எச்சரிக்கையை எட்டுத் திங்கள் கேட்கவிடாமற் செய்தது என் பக்திச் சொல்.

துன்பத்தை ஒப்புக்கொடுப்பது நம் திருச்சபையின் அருமையான மரபு. அதை நான் மறுக்கவில்லை. ஆயினும் 1957 பிப்ரவரி 24 அன்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மயக்க மருத்துவர்களிடையே உரையாற்றியபோது, வலியைத் தணிக்கும் வழிகளைக் கிறிஸ்தவர் நாடுவது முறையே என்று தெளிவாக விளக்கினார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1984 பிப்ரவரி 11 அன்று, லூர்து அன்னையின் திருநாளில், மனிதத் துன்பத்தைப் பற்றி வெளியிட்ட மடலிலும் நல்ல சமாரியருக்குத் தனிப் பகுதியே ஒதுக்கியிருக்கிறார். சமாரியர் அடிபட்டவனுக்கு முதலில் எண்ணெயும் இரசமும் வார்த்தார். அறிவுரை எதுவும் சொன்னதாக நற்செய்தியில் இல்லை. குருமடத்தில் இவற்றையெல்லாம் படித்துத் தேறியவன்தான் வாயிலில் அப்படிப் பேசினேன்.

இனி, தோளைப் பற்றிச் சிறிது காண்போம். முதுகின் மேற்பகுதியில், முதுகெலும்பின் இருபுறமும் மூன்று நான்கு விரற்கடை தள்ளி, முக்கோண வடிவில் தட்டையாக இருக்கும் எலும்பே தோள்பட்டை எலும்பு. இஃது இரண்டாம் விலாவிலிருந்து ஏழாம் விலா வரையில் பரந்திருக்கிறது. ஆனால் விலா எலும்புகளோடு இதற்கு எவ்வித மூட்டும் கிடையாது. காறை எலும்பின் நுனியில் மட்டும் ஓர் இணைப்பு. மற்றபடி தசைகளே இதைத் தாங்கியும் நகர்த்தியும் வருகின்றன. ஏறத்தாழ 17 தசைகள் இவ்வோர் எலும்பிற்கு ஊழியம் செய்கின்றன.

இதைக் கண்ணால் காண விரும்புவோர் வேறெங்கும் போக வேண்டியதில்லை. 1985ஆம் ஆண்டு நம் வண்டலூரில் திறக்கப்பட்ட அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவிற்குப் பிள்ளைகளோடு சென்று, புலி நடப்பதைச் சற்றுப் பொறுமையாகப் பாருங்கள். ஒவ்வோர் அடிக்கும் முதுகின்மேல் இரண்டு மேடுகள் மாறி மாறி எழுந்து தாழும். அவைதாம் அதன் தோள்பட்டை எலும்புகள். புலிக்குக் காறை எலும்பு பெயரளவிற்கே உண்டு. அதன் முன்னுடல் முழுவதும் இரண்டு தோள்பட்டைகளுக்கிடையே தசைகளால் தொங்கவிடப்பட்டிருக்கிறது. மறைக்கல்விப் பிள்ளைகளை அழைத்துச் சென்றபோது இதனைக் காட்டினேன். அவர்கள் குரங்குக் கூண்டை விட்டு வர மறுத்தார்கள் என்பது வேறு.

நமக்கோ கையை மேலே உயர்த்தும் வேலையும் சேர்ந்திருக்கிறது. கை தொடையருகிலிருந்து தலைக்கு மேல் நேராக எழும்போது அது 180 பாகை சுழல்கிறது. இதில் ஏறத்தாழ 120 பாகை பந்துக்கிண்ண மூட்டில் நிகழ்கிறது. எஞ்சிய 60 பாகை தோள்பட்டை எலும்பு மேல்நோக்கித் திரும்புவதால் கிடைக்கிறது. கிண்ணம் பந்தோடு கூடவே திரும்ப வேண்டும். கூனி உட்கார்ந்தே காலங்கழிக்கிறவருக்கு மார்புத் தசை குறுகிப் பட்டையை முன்னே இழுக்கும். அதைக் கீழிருந்து சுழற்றவேண்டிய தசைகளோ வேலையின்றித் தளரும். அப்போது கழுத்தோரத் தசை மட்டும் எல்லாச் சுமையையும் ஏற்றுக்கொள்ளும். கையைத் தூக்கச் சொன்னால் தோளைக் காதுவரை தூக்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்களே! கிண்ணம் சரியாகத் திரும்பாதபோது, தூக்கும் தசைநார் எலும்புக்கிடையில் உரசி நோவெடுப்பதும் உண்டு.

இது முதியோரின் நோய் மட்டுமன்று. கேளம்பாக்கம் சாலை வழியே கணினி அலுவலகங்களுக்குச் செல்லும் இளைஞர், கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பரில் பேருந்து நிலையம் திறக்கப்பட்ட பின் ஒரே தோளில் பெரும் பைகளோடு நெடுஞ்சாலையைக் கடக்கும் பயணியர், நாள் முழுதும் கைப்பேசியில் தலைகுனிந்திருக்கும் நம் பிள்ளைகள் ஆகிய எல்லாருக்கும் இதில் பங்குண்டு.

நம் பகுதிக்கு இதில் ஒரு பழைய தொடர்பும் இருக்கிறது. தாம்பரத்தில் 1928ஆம் ஆண்டு மருத்துவர் டேவிட் சவுரிமுத்து காசநோயாளருக்கெனச் சானடோரியம் நிறுவினார். 1937இல் அரசு அதனை ஏற்றது. தகுந்த மருந்து இல்லாத அக்காலத்தில் உலகெங்கும் காசநோய்க்கு நல்ல காற்றும் ஓய்வுமே சிகிச்சை. முற்றிய நோயாளருக்குச் சில விலா எலும்புகளையே நீக்கி, நுரையீரலை அமுங்கச் செய்யும் அறுவையும் பல நாடுகளில் வழக்கிலிருந்தது. விலா போனால் தோள்பட்டை எலும்பு எதன்மேல் சறுக்கும்? வலிக்கு அஞ்சிக் கையை மார்போடு அணைத்துக் கிடந்தவர்களுக்குத் தோள் இறுகியது. உடலும் ஒருபக்கம் சாய்ந்தது. ஆகவே அறுவைக்கு முன்னரே பயிற்சியைக் கற்பித்து, அறுவை முடிந்த சில நாள்களிலேயே தோளை அசைக்கச் செய்யும் முறை ஏற்பட்டது. ஓய்வே மருந்தாயிருந்த நோயிலும் தோளுக்கு மட்டும் ஓய்வு நஞ்சாயிற்று. பின்னர் மருந்துகள் வந்தன. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு நிலையம், வீட்டிலிருந்தே மருந்துண்டாலும் குணமாகலாம் என்பதை 1959இல் மெய்ப்பித்தது.

இனிப் பயிற்சிகள். எங்கள் பங்குத் தாய் மருத்துவமனையில் கற்று வந்ததையும், பிறருக்குப் பொதுவாகச் சொல்லப்படுவதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலாவது ஊசற்பயிற்சி. பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் காட்மன் என்பவரின் பெயரால் இது வழங்குகிறது. 'உறைந்த தோள்' என்ற பெயரை 1934இல் எழுதி வைத்தவரும் அவரே. நலமான கையை மேசைமேல் ஊன்றிக் குனிந்து நின்று, நோயுற்ற கையைக் கிணற்றுக் கயிறுபோல் தளரத் தொங்கவிட வேண்டும். கையை ஆட்டக்கூடாது, உடலை மெல்ல அசைத்தால் கை தானே ஆடும். முன்பின்னாகவும், சிறு வட்டமாகவும் ஓரிரு நிமிடம் போதும். நோவு மிகுந்த காலத்திலும் பெரும்பாலோர் இதைச் செய்ய இயலும்.

அடுத்தது, பட்டைகளைப் பின்னும் கீழும் இழுத்தல். நிமிர்ந்து அமர்ந்து, இரு தோள்பட்டைகளையும் முதுகெலும்பை நோக்கி மெல்ல நெருக்கி, அப்படியே சற்றுக் கீழே இறக்கி, ஐந்து எண்ணும் வரை நிறுத்தித் தளர்த்துங்கள். பத்து முறை செய்க. மார்பைப் படைவீரன்போல் விறைக்க வேண்டாம்; தோள் காதை நோக்கி எழவும் கூடாது. தையற்பொறியிலோ கணினியிலோ இருப்பவர் மணிக்கொரு முறை செய்யலாம். பேருந்திலும் செய்யலாம், எவருக்கும் தெரியாது.

மூன்றாவது பயிற்சியையே மிகுந்த பயனுடையதாக நான் எண்ணுகிறேன். சுவருக்கு ஒரு கை நீளம் தள்ளி நின்று, உள்ளங்கைகளைத் தோளுயரத்தில் சுவரில் பதியுங்கள். முழங்கையை மடக்காமலே மார்பைச் சுவரை நோக்கிச் சற்று அமிழவிட்டு, பின்பு சுவரைத் தள்ளி மேல்முதுகைப் பின்னே கொண்டுபோங்கள். அசைவு சில விரற்கடையே இருக்கும். ஆனால் பட்டையை விலாவோடு பொருத்தி வைக்கும் தசைக்கு இதுவே நல்ல உணவு. அத்தசைக்குச் செல்லும் நரம்பு கெட்டால் பட்டை இறக்கைபோல் வெளியே துருத்தி நிற்கும். அவ்வாறு தென்பட்டால் பயிற்சிக்கு முன் மருத்துவரைக் காண வேண்டும்.

நான்காவதாக, சுவரில் விரல் ஏற்றம். சுவரைப் பார்த்து நின்று விரல்களைப் பல்லிபோல் மேலே ஏற்றி, எட்டிய இடத்தில் பென்சிலால் கோடிடுங்கள். மறுநாள் அக்கோட்டை எட்டினால் போதும். தாண்ட வேண்டுமென்று மல்லுக்கு நிற்க வேண்டாம். வாயிற்படியில் நின்று நிலைக்கால்களில் முன்கைகளை ஊன்றி மார்பை மெல்ல முன்னே விடுவது, குறுகிய மார்புத் தசைக்கு உதவும். நோவு தணிந்த பிறகு, பழைய சைக்கிள் ட்யூபைச் சன்னல் கம்பியில் சுற்றி, இரு முனைகளையும் பற்றி, படகு வலிப்பதுபோல் இழுத்துப் பழகலாம். கடைகளில் இதற்கென வண்ண நாடாக்கள் விற்கின்றனர். ட்யூபும் அதே வேலையைச் செய்யும்.

எவ்வளவு வலியைப் பொறுப்பது என்று கேட்பீர்கள். பயிற்சியின்போது சிறு இழுப்பு இருக்கலாம். அன்றிரவு உறக்கம் கெட்டாலோ, மறுநாளும் நோவு கூடியே இருந்தாலோ அளவைக் குறைக்க வேண்டும். உறைந்த தோளை, அதிலும் முதற்கட்ட நோவுக் காலத்தில், பிறர் பிடித்து முறுக்குவது தீங்கு. பொதுவான தோள்நோவு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் குறையத் தொடங்கலாம். உறைந்த தோளுக்கு ஓராண்டிலிருந்து மூன்றாண்டு வரையிலும் ஆகும்.

எல்லாத் தோள்நோவும் தோளில் பிறப்பதில்லை என்பதையும் மறக்க வேண்டாம். மார்பு இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறலோடு இடத்தோள் வலித்தால் அது இதயமாக இருக்கலாம். ஒரு நிமிடமும் காத்திராமல் 108ஐ அழையுங்கள். பித்தப்பைக் கோளாறு வலத்தோளில் வலியாகத் தோன்றுவதுண்டு. விழுந்தபின் கை தூக்க முடியாமை, காய்ச்சல், கையில் மரத்துப்போதல், காரணமின்றி எடை குறைதல் இவற்றோடு வரும் நோவிற்கு இப்பக்கம் மருந்தன்று. செலவுக்கு அஞ்சுவோர் செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நாடலாம். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டிற்கே வரும் குழுவில் இயன்முறை மருத்துவரும் சேர்க்கப்பட்டார். தங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

அத்தாய் பயிற்சியைத் தொடங்கிப் பதினான்கு திங்கள் கழித்துத் தாமே தலை வாரினார். சேலையின் பின்கொசுவத்தை இன்னும் மகள்தான் சரிசெய்கிறாள். முதுகுப்புறம் கை முழுதும் திரும்பவில்லை. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டபோது, "நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க, சாமி" என்றார். அப்பதில் எனக்கு ஆறுதல் தரவில்லை.

இரவில் எப்படிப் படுப்பது என்று இரு அன்பர்கள் கேட்டிருந்தார்கள். நோயுற்ற தோளின்மேல் ஒருக்களித்துப் படுக்க வேண்டாம். மறுபக்கம் படுத்து, மார்புக்கு முன் ஒரு தலையணையை வைத்து அதன்மேல் கையைக் கிடத்துங்கள். மல்லாந்து படுப்பவர் முழங்கைக்கடியில் மடித்த துண்டொன்றை வைத்துக்கொண்டால், தோள் பின்னே சரியாமல் இருக்கும்.