தொண்டூழியருக்கும் நடை சாத்தணும்

கொஞ்சம் நீளமான பதிவு. புரட்டாசி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சொல்லிடணும்னு நினைச்சோம்.

ஒவ்வொரு திருவிழா முடிஞ்சதும் ஒரே புகார் வரும். "கோயில்ல தொண்டூழியர்கள் கத்துறாங்க, சாமி கும்பிட வந்தவங்களை விரட்டுறாங்க." புகார் நியாயமானதுதான். ஒரு மணி நேரம் வரிசையில நின்ன வயசான அம்மாகிட்ட "நகருங்க, நகருங்க"ன்னு முகம் சுளிக்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனா சுளிச்சது யாருன்னு விசாரிச்சா, பெரும்பாலும் புதுசா வந்தவரா இருக்க மாட்டார். பல வருஷமா வர்றவர். அன்னிக்குக் காலையில அஞ்சு மணிக்கே வந்து, சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் உட்காராதவர். அவருக்குப் பணிவைப் பத்தி வகுப்பு எடுத்து ஒண்ணும் ஆகாது. மதியமே வீட்டுக்கு அனுப்பினா சரியாயிடும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல் பர்ன்அவுட்டுக்கு விளக்கம் கொடுத்தபோது மூணு அடையாளம் சொன்னது. தீராத அசதி, செய்யற வேலை மேலேயே வெறுப்பு, நாம செஞ்சு என்ன ஆகப்போகுதுங்கற எண்ணம். அவங்க சொன்னது வேலையிடத்தைப் பத்தி. கோயிலுக்கு அதுல ரெண்டாவதுதான் பெரிய ஆபத்து. ஆபீஸ் வெறுத்துப்போனா வேற வேலை தேடிக்கலாம். கோயில் வெறுத்துப்போனா எங்கே போறது? எங்களுக்குத் தெரிஞ்சே சிலர் தொண்டோட சேர்த்து சாமி கும்பிட வர்றதையும் நிறுத்திட்டாங்க. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுட்டுப் போயிடுறாங்க. உள்ளே வந்தா யாராவது கையில ஒரு வேலையைக் கொடுத்துடுவாங்கன்னு பயம்.

நம்ம நாட்காட்டியையும் பாருங்க. செப்டம்பர் நடுவுல புரட்டாசி சனிக்கிழமைகள், நவராத்திரி ஒன்பது ராத்திரி, ஐப்பசியில தீமிதி, தீபாவளி, அது முடிஞ்ச கையோட கந்த சஷ்டி ஆறு நாள், கார்த்திகை தீபம், மார்கழி விடியற்காலை பூஜை, பொங்கல், தைப்பூசம். அஞ்சு மாசம் மூச்சு விட இடமில்லை. இதுல தீபாவளிக்கு மட்டும்தான் பொதுவிடுமுறை. தைப்பூச விடுமுறை 1968-ல் பட்டியலை விட்டுப் போச்சு. வேலையில சேர்ந்த முதல் வருஷம் சட்டப்படி கிடைக்கிற குறைந்தபட்ச விடுப்பு 7 நாள். ஒரு தம்பி அதை முழுக்கக் கோயிலுக்கே கொடுத்தா, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா என்ன பண்ணுவார்?

பெரியவங்க சிலர், "எங்க காலத்துல விடிய விடிய நின்னோம், யாரும் அசதின்னு சொன்னதில்லை"ன்னு சொல்வாங்க. அவங்க உழைப்பாலதான் இன்னிக்கு இந்தக் கோயில்கள் நிக்குது. அதுல சந்தேகமே இல்லை. ஆனா அப்போ கடற்படைத் தளம், ரயில்வே குவார்ட்டர்ஸ், ரப்பர்த் தோட்டம்னு வேலை செய்யற இடத்தை ஒட்டியே பல கோயில்கள் இருந்துச்சு. வீடு கூப்பிடு தூரம். இப்போ பொங்கோல்ல இருந்தும் ஜூரோங்ல இருந்தும் ரெண்டு ரயில் மாறி வர்றாங்க.

இன்னொரு பேச்சும் அடிக்கடி காதுல விழும். "அப்பர் சுவாமிகள் உழவாரப்படையை கீழே வெச்சாரா?" ஓய்வு கேக்கறவரை வெட்கப்பட வைக்கிற கேள்வி. அப்பர் வரலாறு முழுசாத் தெரிஞ்சவங்க இப்படிக் கேக்க மாட்டாங்க. திருப்பைஞ்ஞீலிக்குப் போற வழியில பசியாலும் தாகத்தாலும் அவர் களைச்சுப் போறார். ஈசன் என்ன செஞ்சார்? ஒரு சோலையும் குளமும் உண்டாக்கி, அந்தணர் வடிவுல பொதிசோறோட காத்திருந்து, சாப்பிட வெச்சு, இளைப்பாற வெச்சு, அப்புறம்தான் கூட்டிக்கிட்டுப் போறார். இது பெரியபுராணத்துல இருக்கு. சாமிக்கே மதியம் நடை சாத்துறோம், ராத்திரி பள்ளியறை பூஜை செய்யறோம். தொண்டூழியருக்கு மட்டும் நடை திறந்தே கிடக்கணுமா?

எங்க குழுவுல சில பழக்கங்களைக் கொண்டு வந்திருக்கோம். பெரிய தத்துவம் எதுவும் இல்லை. ஒரு ஷிப்டு நாலு மணி நேரம், அதுக்கு மேல வேண்டாம். தைப்பூசத்துக்கு முந்தின ராத்திரி முதல் பால்குடம் கிளம்புறதுல இருந்து மறுநாள் ராத்திரி வரைக்கும் வேலை இருக்கும். அதுக்காக ஒரே ஆள் முழுக்க நிக்கணும்னு எந்த ஆகமத்துலயும் இல்லை. ஷிப்டு மாறும்போது பதினஞ்சு நிமிஷம் ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கணும். எந்த வரிசை எங்கே நிக்குது, சக்கர நாற்காலி எங்கே இருக்கு, மோர் தீர்ந்துடுச்சான்னு சொல்லிட்டுத்தான் கிளம்பணும். கிளம்புறவர் கிளம்பணும், அவ்வளவுதான். "அண்ணே, ஒரு அஞ்சு நிமிஷம்"னு வாசல்ல நிறுத்தக்கூடாது. அந்த அஞ்சு நிமிஷம் எப்பவும் ரெண்டு மணி நேரம்தான்.

சமையலறையிலதான் நல்ல மாற்றம் தெரியுது. முன்னாடி எல்லா அளவும் ஒரே ஒரு அக்கா மனசுல இருந்துச்சு. ஐநூறு பேருக்குச் சாம்பார்னா எத்தனை கிலோ பருப்பு, புளி எவ்வளவு ஊற வைக்கணும், பெரிய அண்டாவுல உப்பு எத்தனை பிடி, எல்லாம் அவங்களுக்குத்தான் தெரியும். அதனால அவங்க ஒரு சனிக்கிழமைகூட லீவு எடுக்க முடியாது. பேத்தி பிறந்தநாள்னாலும் அதிகாலை நாலு மணிக்கு வந்து நிக்கணும். அவங்களை உட்கார வெச்சு, பக்கத்துல ரெண்டு பிள்ளைங்க நோட்டுப் புத்தகத்தோட நின்னு, ஒவ்வொரு பிடியையும் தராசுல போட்டு எழுதிக்கிட்டாங்க. அக்காவுக்கு முதல்ல கொஞ்சம் வருத்தம், "அப்போ நான் வேணாமா?"ன்னு கேட்டாங்க. இப்போ மாசத்துல ரெண்டு சனிக்கிழமை பக்தையா வந்து, பந்தியில உட்கார்ந்து, "இன்னிக்கு ரசத்துல மிளகு பத்தாது"ன்னு சொல்லிட்டுப் போறாங்க. (பத்தலை, உண்மைதான்.) இதனால அக்காவுக்கு மரியாதை குறையலை. கூடத்தான் செஞ்சிருக்கு.

சாப்பாட்டு விஷயத்துல ஒரு சின்ன சண்டையே நடந்துச்சு. தொண்டூழியர் கடைசியிலதான் சாப்பிடணும்ங்கறது வழக்கம். நல்ல எண்ணத்துல வந்த வழக்கம்தான். ஆனா கடைசியில மிஞ்சறது அடி சோறும் ஊறுகாயும். நைவேத்தியம் ஆனதும், பந்தி திறக்கறதுக்கு முன்னாடி, பரிமாறுறவங்க உட்கார்ந்து சாப்பிடணும்னு நாங்க சொல்றோம். நின்னுக்கிட்டு இல்ல, உட்கார்ந்து. வயிறு நிறைஞ்சவர் கையாலதான் இன்னொரு கரண்டி தாராளமா விழும்.

வாட்ஸ்அப் குழுவுல ராத்திரி பத்து மணிக்கு மேல அவசரம்னா மட்டும் செய்தி. பூ ஆர்டர் அவசரம் இல்லை. "இந்த மாசம் முடியாது"ன்னு ஒருத்தர் சொன்னா காரணம் கேக்கறதில்லை. கேட்டா அடுத்த தடவை பொய் சொல்ல வேண்டி வரும், இல்லாட்டி குழுவை விட்டே போயிடுவாங்க. பெரிய திருவிழா முடிஞ்சு ரெண்டு வாரத்துக்குக் கூட்டம் கிடையாது. கணக்கு மட்டும் பொருளாளர் முடிப்பார், பாவம் அவருக்கு மட்டும் விதிவிலக்கு.

இதெல்லாம் நடக்கணும்னா ஆள் வேணும். பத்து பேர் பதினாறு மணி நேரம் நிக்கறதை நாற்பது பேர் நாலு மணி நேரமாப் பிரிச்சுக்கலாம், கணக்கு ஒண்ணுதான். ஆனா அந்த முப்பது பேர் இந்தப் பதிவைப் படிக்கிற உங்கள்ல இருந்துதான் வரணும். வருஷத்துக்கு ஒரே ஒரு ஷிப்டு போதும். அதுவும் முடியலைன்னா சாப்பிட்டு முடிச்சதும் உங்க நாற்காலியை மடிச்சு ஓரமா வெச்சுட்டுப் போங்க. ஐநூறு நாற்காலியை ராத்திரி பதினொரு மணிக்கு மடிக்கறது ரெண்டு பையன்கள்தான். மறுநாள் அவங்களுக்குப் பரீட்சை இருக்கலாம்.

புரட்டாசி முதல் சனிக்கிழமைக்கான பட்டியல் அர்ச்சனைச் சீட்டு கவுண்டர் பக்கத்துல ஒட்டியிருக்கு. காலை ஆறுல இருந்து பத்து வரைக்கும் காய்கறி வெட்ட ஆறு பேர், செருப்பு வைக்கிற இடத்துக்கு மூணு பேர், மதியப் பந்திக்கு எட்டு பேர் இன்னும் வேணும். பேரும் நேரமும் எழுதினா போதும். அந்த நேரம் முடிஞ்சதும் உங்களை நாங்களே வீட்டுக்கு அனுப்பிடுவோம்.