முதலில் பந்தைக் கொடுங்கள், பிறகு வெற்றியைக் கேளுங்கள்!



"பொம்பளப் பிள்ளைங்க முதல்ல ஜெயிச்சுக் காட்டட்டும், அப்புறம் வசதி செஞ்சு தரலாம்" என்று பெரியவர்கள் பலர் சொல்றாங்க. இது சரியா? சரியில்லை என்பதே என் கருத்து. அதற்குச் சாட்சியாக ஜமைக்கா நாட்டுக் கால்பந்து வீராங்கனை கதீஜா ஷா பற்றிச் சொல்கிறேன்.

ஜமைக்கா கரீபியன் கடலில் உள்ள ஒரு சின்னத் தீவு. மக்கள்தொகை 30 லட்சம் கூட இல்லை. ஓட்டப்பந்தய வீரர் உசேன் போல்ட்டும் கிரிக்கெட் வீரர் கிறிஸ் கெயிலும் அந்த நாட்டுக்காரர்கள்தான். கதீஜா ஷா 1997-ல் அங்கே ஸ்பானிஷ் டவுன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா செருப்புத் தைப்பவர். அம்மா கோழி வளர்ப்பவர். வீட்டில் 13 பிள்ளைகள், இவர்தான் கடைக்குட்டி. கேரட் ரொம்பப் பிடிக்கும் என்பதால் அண்ணன் இவருக்கு 'பன்னி' என்று பெயர் வைத்தார். ஆங்கிலத்தில் அதற்கு முயல்குட்டி என்று அர்த்தம், யாரும் சிரிக்கக் கூடாது!

14 வயதிலேயே, அதாவது என் வயதிலேயே, 15, 17, 20 வயதுக்குட்பட்டோருக்கான மூன்று தேசிய அணிகளிலும் ஆடிவிட்டார். திறமைக்கு என்ன குறை? ஆனால் அவர் போய்ச் சேர வேண்டிய பெரியவர்கள் அணி அப்போது முடங்கிக் கிடந்தது. 2010 வாக்கில் பணம் இல்லை என்று சொல்லி, நாட்டின் கால்பந்து சங்கம் பெண்கள் அணிக்குக் கொடுத்த பணத்தை நிறுத்திவிட்டது. ஆட்டமே ஆடாததால் உலகத் தரவரிசையிலிருந்தும் பெயர் போய்விட்டது. 2014-ல் பாடகர் பாப் மார்லியின் மகள் செடெல்லா மார்லி முன்வந்து பணம் திரட்டி அணிக்கு உயிர் கொடுத்தார். 2016-ல் மறுபடியும் நிறுத்தினார்கள். மறுபடியும் அவர்தான் தூக்கி நிறுத்தினார்.

"ஏழை நாடு, எல்லாருக்கும் கொடுக்கப் பணத்துக்கு எங்கே போவாங்க?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பணம் குறைஞ்சா எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் குறைக்கலாமே? பெண்கள் அணியை மட்டும் ஏன் முழுசா மூடணும்? இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். பணம் இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு வரும். ஆனால் 14 வயதுப் பெண்ணை நான்கு வருஷம் காத்திருக்கச் சொன்னால் அவளுக்கு 18 ஆகிவிடும். போன வயசு திரும்ப வருமா?

கதீஜா ஷா அமெரிக்காவுக்குப் போய்க் கல்லூரியில் படித்துக்கொண்டே ஆடினார். அவருடைய அண்ணன்களில் மூன்று பேரை ரவுடிக் கும்பல்களின் சண்டை பலி வாங்கியது. இன்னொருவர் கார் விபத்தில் இறந்துபோனார். இவ்வளவு துக்கத்திலும் அவர் பந்தை விடவில்லை. 2018 அக்டோபரில் பனாமாவுடன் நடந்த ஆட்டம் 2-2 என்று சமமாகி, பெனால்ட்டியில் 4-2 என்று ஜமைக்கா ஜெயித்தது. பெண்கள் உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற முதல் கரீபியன் நாடு என்ற பெருமையும் கிடைத்தது.

2019 உலகக் கோப்பையில் ஆடிய மூன்று ஆட்டத்திலும் தோல்விதான். "பார்த்தீங்களா, அதுக்குத்தான் சொன்னோம்" என்று அன்றைக்கே மறுபடியும் மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 2023-ல் நடந்ததை உலகம் பார்த்திருக்காது. அந்த வருஷமும் வசதி போதவில்லை. பயிற்சி, பயணம், சாப்பாடு எதுவும் சரியில்லை என்று வீராங்கனைகளே வெளிப்படையாகக் கடிதம் எழுதினார்கள். ஒரு வீராங்கனையின் அம்மா பொதுமக்களிடம் நிதி திரட்டினார். அப்படிப் போன அணி பிரான்ஸுடன் 0-0, பனாமாவுடன் 1-0, பிரேசிலுடன் 0-0 என்று ஆடி, ஒரு கோல் கூட வாங்காமல் அடுத்த சுற்றுக்குப் போனது. பிரேசில் வீட்டுக்குப் போனது! அடுத்த சுற்றில் கொலம்பியாவிடம் 0-1 என்று போராடித்தான் தோற்றார்கள்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். பிரான்ஸ் ஆட்டத்தில் சிவப்பு அட்டை வாங்கியதால் கதீஜா ஷா பனாமா ஆட்டத்தில் ஆடவே இல்லை. அந்த ஆட்டத்தில்தான் ஜமைக்கா உலகக் கோப்பையில் தன் முதல் வெற்றியைப் பெற்றது. அதனால்தான் சொல்கிறேன், ஒரு கெட்டிக்காரி இருந்தால் மட்டும் போதாது. பதினொரு பேருக்கும் பந்து வேண்டும், பயிற்சி வேண்டும், மைதானம் வேண்டும்.

கதீஜா ஷா இங்கிலாந்தில் மான்செஸ்டர் சிட்டி அணிக்காக 2023-24 லீக்கில் 21 கோல் போட்டு முதலிடம் பிடித்தார். ஜமைக்காவுக்காக அதிக கோல் போட்டவரும் அவர்தான், ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்! "திறமை இருந்தா தானா மேல வரலாம், கதீஜா ஷா வரலையா?" என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பேன்: அணி மூடிக் கிடந்த வருஷங்களில் பந்தை விட்டுவிட்டு வீட்டுக்குப் போன பெண்கள் எத்தனை பேர்? அவர்கள் பெயர் யாருக்காவது தெரியுமா?

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? நம் விளையாட்டுப் பீரியடில் பந்து பசங்க காலில்தான் இருக்கிறது, நாங்கள் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறோம். வாரத்தில் ஒரு நாளாவது பந்தையும் மைதானத்தையும் எங்களிடம் கொடுங்கள். முதலில் தோற்போம், பரவாயில்லை. ஆடினால்தானே தோற்கவாவது முடியும்!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி